வட ஆற்காடு பழைய மேப் செட்: இரண்டாவது தாளை மட்டும் வாங்கலாம்

வேலூரில் ஒரு பிளாட்டர் பிரிண்ட் (பெரிய தாள் அச்சு) கடையில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வரைபடங்கள் மூன்று தாள்களாகக் கிடைக்கின்றன. தாள் 350 ரூபாய், செட்டாக எடுத்தால் 900. சுவரில் மாட்ட மூன்றுமே ஜோர்தான். ஊர் எல்லை, தாலுகா எல்லை பார்க்க வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

முதல் தாள் 1911க்கு முந்தையது. அப்போது மாவட்டத் தலைமையிடம் சித்தூர். சந்திரகிரி, பலமநேர், திருத்தணி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஸ்கேன்தான் காலை வாரியிருக்கிறது. அந்தக் காலத்தில் மலைச்சரிவை நெருக்கமான சிறு கோடுகளால் காட்டுவார்கள். தெளிவு குறைந்த ஸ்கேனில் அவை ஒட்டிக்கொண்டு, ஜவ்வாது மலை முழுக்க மை கொட்டினாற்போல் கிடக்கிறது. எல்லைப் புள்ளிக்கோடு மலைமுகட்டை ஒட்டியே ஓடுவதால், தேவையான இடத்தில்தான் அது காணாமல் போகிறது. 600 டி.பி.ஐ.யில் எடுத்திருந்தால் தப்பியிருக்கும்.

இந்தத் தாளைக் கணினியில் இன்றைய மேப்போடு பொருத்த நினைத்தால், ஓரத்தில் அச்சான தீர்க்கரேகையை நம்பக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு சர்வே தாள்கள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80°17′21″ என்று வைத்துக் கணக்கிட்டவை. பின்னால் அதில் சுமார் 2′27″ குறைத்தார்கள். பழைய கட்டங்களை அப்படியே பொருத்தினால் வேலூர்க் கோட்டை கிழக்கே நாலு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் உட்காரும். வேலூர்க் கோட்டை, ஆற்காடு டெல்லி கேட், சந்திரகிரிக் கோட்டை என்று இடம் மாறாத கட்டடங்களைப் பிடியுங்கள். ஆறு புள்ளிகளாவது தாளின் நாலு மூலைக்கும் பரவியிருக்கட்டும். பாலாற்றுக் கரை ஆகாது, மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது தாள்தான் காசுக்குத் தகுந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் இங்கே வந்து சேர்ந்தன. தாலுகா எல்லைகள் வண்ணக் கரையோடு தெளிவாக இருக்கின்றன. அளவுகோல், குறியீட்டு விளக்கம், அச்சு விவரம் அடங்கிய ஓரப்பகுதியையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதில் அந்த ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. கடைக்காரர் போட்ட தலைப்பு ‘1989 பிரிவினைக்கு முன்’, அதாவது வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன். ஆனால் படத்தில் ஆந்திர மாநில எல்லை இருக்கிறது, திருத்தணி அதற்குள் இருக்கிறது. ஆந்திரம் பிரிந்தது 1953 அக்டோபர் 1. திருத்தணி நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1. ஆக இந்தப் படம் காட்டுவது அந்த ஆறரை வருஷத்து எல்லையை. தலைப்பு பொய்யில்லை, ஆனால் அதை நம்பி 1980களின் எல்லை என்று யாராவது கட்டுரையில் போட்டால் அசிங்கம்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், நூறு சதவீதத்தில் எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். தாளுக்கேற்பச் சுருக்கினால், அங்குலத்துக்கு நாலு மைல் என்ற எழுத்து அப்படியே இருக்கும், அளவு மட்டும் மாறிப்போகும். சரிபார்க்க: வேலூரிலிருந்து ஆற்காடு நேர்கோட்டில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். பளபள லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் எழுத்தே தெரியாது, மேட் போதும்.

வரப்புத் தகராறுக்கு இந்தத் தாள்கள் எதுவும் உதவாது. அங்குலத்துக்கு நாலு மைல் என்றால் ஒரு மில்லிமீட்டர் கோடே கால் கிலோமீட்டர் அகலம். அதற்கு அங்குலத்துக்கு 330 அடி கணக்கில் வரைந்த கிராம வரைபடமும், சர்வே எண்ணுக்கான எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) நகலும்தான் வேண்டும்.