ரோட்டரி சுவிட்சும் குமிழும்: கையால் செய்த பெடல்களோடு 6 ஆண்டுகள்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில், சுழற்றினால் படிப்படியாக நிலை மாறும் ரோட்டரி சுவிட்சை முதன்முதலாகக் கேட்டபோது, கடைக்கார அங்கிள் திருப்பிக் கேட்டார்: "ஷாஃப்ட் ஆறு மில்லிமீட்டரா, கால் இஞ்சா?" எத்தனை போல் (ஒரே சுழற்சியில் மாறும் தனித்தனி இணைப்புகள்), எத்தனை நிலை என்பதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். குமிழை மாட்டும் தண்டான ஷாஃப்டின் தடிமனை மட்டும் யோசிக்கவில்லை. ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்த 6 ஆண்டுகளில் ஏழு கிட்டார் பெடல்கள் செய்திருக்கிறேன், அதாவது தரையில் வைத்துக் காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டிகள். ஐந்தில் ரோட்டரி சுவிட்ச் இருக்கிறது. வாரக் கடைசி ஒத்திகையிலும், அவ்வப்போது கல்யாண மேடைகளிலும் அவற்றைத்தான் வாசிக்கிறேன். அந்த அங்கிள் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி என்று இப்போது தெரிகிறது. குமிழை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்தும் சுவிட்சை அப்புறம் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

காரணம் எளிது. பெடல் தரையில் கிடக்கிறது, நாம் நின்றுகொண்டிருக்கிறோம். வால்யூம் குமிழ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் காது சமாளித்துவிடும். ஆறு நிலைகள் உள்ள சுவிட்ச் அப்படி இல்லை. மூன்றா நான்கா என்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். என் முதல் பெடலில் சிறிய வட்டக் குமிழ் போட்டிருந்தேன், அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. வீட்டு மேசையில் பார்க்க அழகாக இருந்தது. ஒரு திருமண விருந்தில் மேடை விளக்கை மங்கலாக்கியதும் கோடே தெரியவில்லை. பேஸ் வாசிக்கும் அண்ணன் பக்கத்தில் வந்து, "தம்பி, எதுல வச்சிருக்கே? சத்தம் ஒரே கூர்மையா இருக்கே" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து சுவிட்சுக்கு எப்போதும் கோழித்தலைக் குமிழ்தான். ஒரு பக்கம் கூராக நீண்டிருக்கும், பழைய ஆம்ப்களில் பார்த்திருப்பீர்கள். குனிந்து தொட்டாலே எந்தப் பக்கம் நிற்கிறது என்று விரலுக்குத் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல ரோட்டரி சுவிட்சின் 'டக்' கொஞ்சம் முரடாக இருக்கும். வழவழப்பான சிறு குமிழ் வியர்த்த விரலில் வழுக்கும், இதில் பிடி கிடைக்கும். பக்கத்தில் உள்ள வால்யூம், டோன் பாட்களுக்கு (தொடர்ச்சியாகச் சுழலும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) அதே நிறத்தில் வட்டக் குமிழ் போடுகிறேன். எது தொடர்ச்சியாகச் சுழலும், எது படிப்படியாகத் தாவும் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும்.

இனி ஷாஃப்ட். கால் இஞ்சு என்பது 6.35 மி.மீ. அந்தத் துளையுள்ள குமிழை 6 மி.மீ ஷாஃப்டில் மாட்டினால் குமிழின் பக்கவாட்டில் உள்ள திருகு அதை ஒருபுறமாகத் தள்ளிப் பிடிக்கும். சுழற்றும்போது குமிழ் தலையாட்டும். 0.35 மி.மீ என்ன செய்துவிடும் என்று நினைத்தேன், தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்தது. மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டை இடையில் செருகிச் சரிசெய்தேன். செம்பு டேப் சுற்றியும் பார்த்தேன், ஆனால் அது சில மாதங்களில் நசுங்கித் தளர்ந்துவிட்டது.

பல்லுள்ள ஷாஃப்டில் அழுத்தி மாட்டும் குமிழ் பாட்களுக்கு நன்றாக இருக்கும். சுவிட்சுக்கு நான் வேண்டாம் என்பேன். பல்வரிசையில் 18 பற்கள், அதாவது குமிழை ஒரு பல் தள்ளி மாட்டினால் 20 பாகை நகரும். சுவிட்சின் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு 30 பாகை. பெட்டியில் முதலில் புள்ளிகள் வைத்துவிட்டால் குமிழ் 10 பாகை வரை பிசகி நிற்கலாம். உருண்டை ஷாஃப்ட், பக்கத்தில் திருகு என்றால் வேண்டிய கோணத்தில் நிறுத்தி இறுக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் ஷாஃப்டில் முதல் தடவையே சரியாக நிறுத்திவிடுங்கள். திருகு ஒருமுறை குழி பறித்துவிட்டால், அதற்கு மிக அருகில் இன்னொரு கோணத்தில் இறுக்கும்போது பழைய குழிக்குள்ளேயே போய் விழும்.

புள்ளிகள் வைக்கும் முன் ஒரு கணக்கு: ஆறு நிலைகளுக்கு மொத்தம் 150 பாகை. கடிகார முகத்தில் ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை. பன்னிரண்டு மணிக்கு நேராக எந்த நிலையும் வராது, அது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் விழும். மேலே நடுவில் ஒரு புள்ளி வேண்டுமென்றால் ஐந்து அல்லது ஏழு நிலைகளாக வையுங்கள்.

சுவிட்சுகளில் எனக்கு நீண்ட நாள் உழைத்தது இங்கிலாந்தின் லார்லின் சிகே வகை. ஒரு போல் 12 நிலை, இரண்டு போல் 6, மூன்று போல் 4, நான்கு போல் 3 என்று கிடைக்கும். நட்டுக்கு அடியில் சிறு நாக்குள்ள ஒரு வளையம் இருக்கும். அதை எந்தத் துளையில் செருகுகிறோமோ அந்த நிலையோடு சுழற்சி நின்றுவிடும். இந்த மாதிரி வளையம் உள்ள சுவிட்சில் நட்டு தளர்ந்தால் வளையமும் எழும்பும். எனக்கு இது நடந்திருக்கிறது. சுவிட்ச் உடல் சுழலாமல் தடுக்கும் சிறு முளையை, துளை போடச் சோம்பல்பட்டு உடைத்துவிட்டேன். ஓராண்டு கழித்து, ஐந்து நிலைகளோடு நிற்க வேண்டிய சுவிட்ச் ஆறாவதற்குத் தாவியது. அங்கே கம்பியே இல்லை, சத்தம் போய்விட்டது. முளைக்கு ஒரு குட்டித் துளை போட ஐந்து நிமிடம்தான் ஆகும், போட்டுவிடுங்கள்.

பெட்டியையும் இந்தச் சுவிட்ச்தான் தீர்மானிக்கிறது. உடல் சுமார் இரண்டரை செ.மீ விட்டம். ஹாமண்ட் 1590பி பெட்டியின் வெளி உயரம் 31 மி.மீதான், ஜாக்குகளும் உள்ளே வந்துவிட்டால் மூடி மூடாது. 125பி என்ற இன்னொரு அளவுப் பெட்டி ஏறக்குறைய 8 மி.மீ அதிக உயரம். ரோட்டரி என்றால் இப்போது நேராக அதற்கே போகிறேன்.

மின்சுற்றுப் பக்கம் என்னை அதிகம் அலைக்கழித்தது 'டப்' சத்தம். 1960களின் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் மாதிரியில் ஒரு டிரெபிள் பூஸ்டர், அதாவது உச்ச ஸ்வரங்களைத் தூக்கிக் காட்டும் பெடல் செய்தேன். மூலத்தில் உள்ளீட்டுக் கபாசிட்டர் 5 நானோஃபாரட் அளவில் இருக்கும். நான் அதிலிருந்து மேலே ஆறு மதிப்புகளை வைத்துச் சுவிட்சால் மாற்றினேன். ஒவ்வொரு தாவலுக்கும் ஸ்பீக்கர் அதிர்ந்தது. தொடர்பில்லாமல் தொங்கும் கபாசிட்டரின் கால் வேறு மின்னழுத்தத்துக்கு மிதந்துபோய், சேர்த்த நொடியில் சட்டென்று மாறுவதுதான் காரணம். ஒவ்வொரு கபாசிட்டரின் சுவிட்ச் பக்கக் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டதும் அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் வாங்கும்போதே கேளுங்கள்: பழைய நிலையை விட்டுவிட்டுப் புதியதைத் தொடும் வகையா, புதியதைத் தொட்டபிறகு பழையதை விடும் வகையா? ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிச் சில்லின் பின்னூட்டப் பாதையில் ரெசிஸ்டர்களை மாற்ற முதல் வகையைப் போட்டால், நடுவில் ஒரு கணம் பாதை திறந்துவிடும், பெருக்கம் உச்சிக்குப் போகும். ஒரு ராத்திரி ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுத் துள்ளிவிட்டேன். இரண்டாம் வகை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக இணையாகப் போட்டுவிடுங்கள், பாதை முழுவதும் திறக்காது.

நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். வெள்ளி பூசிய தொடுமுனைகள் மெல்லக் கறுக்கும். சில மாதம் தொடாமல் வைத்த பெடலை எடுத்தால் கரகரக்கும். முழுச்சுற்றாக இருபது முப்பது தடவை திருப்பினால் தொடுமுனைகள் உராய்ந்து தாமே சுத்தமாகிவிடும். இதுவரை ஒரு சுவிட்சுக்குத்தான் கான்டாக்ட் கிளீனர் தெளிக்க வேண்டி வந்தது.

குமிழ்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். ரப்பர் போல மெத்தென்ற பூச்சுள்ள குமிழ்களை 2020இல் ஆசையாக வாங்கினேன், தொடவே சுகமாக இருந்தன. மூன்றே ஆண்டில் பூச்சு பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. ஈரமும் வெப்பமும் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடுகின்றன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்தேன், கோடும் சேர்ந்து போய்விட்டது. சாதாரணக் கெட்டிப் பிளாஸ்டிக் குமிழ்கள் 6 ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. திருகு பிடிக்கும் இடத்தில் உள்ளே பித்தளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் புரி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மொத்தமாக வாங்குவது நல்லது. 2023 முதல் 400 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறைவான பொட்டலத்துக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. வரியை விட, இரண்டு சுவிட்சுக்குக் கொடுக்கும் அஞ்சல் செலவுதான் வலிக்கிறது. குமிழை மட்டும் நான் இணையத்தில் வாங்குவதில்லை. சுவிட்சைக் கையோடு சிம் லிம் டவருக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றாக மாட்டிச் சுழற்றிப் பார்த்து, கடைத் தரையில் வைத்து, நின்றபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். அங்கிளுக்குப் பழகிவிட்டது. என்னைக் கண்டதும் குமிழ் டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்.