ஆடாதோடை மணப்பாகு: பல மழைக்காலங்களுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

ஐப்பசி பிறந்தால் சளியும் இருமலும் வந்து தை வரை தங்கிவிடும் தம் தாயாருக்கு ஆடாதோடை மணப்பாகு என்ற சித்த மருந்துச் சிரப்பை வாங்கிக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டார். "நீங்கதான் வருஷக்கணக்கா குடிக்கிறீங்களே, சொல்லுங்கண்ணே" என்றார். அவருடைய தாயாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு என்பதால், "வாங்குங்கள்" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மருந்தைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் கட்டிக்கொண்டு, எவ்வளவு இருமினாலும் வெளியே வராமல் இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுக்கும் சளிக்கு இது நன்றாகவே கேட்கிறது. மணப்பாகை வெந்நீரில் கலந்து காலையும் இரவும் குடித்துவந்தால் கோழை இளகுகிறது. இருமும்போது வெளியே வருகிறது. விலாவில் ஏற்படும் வலி குறைகிறது. சளியே இல்லாமல் தொண்டையில் அரிப்பெடுத்து வரும் வறட்டு இருமலுக்கு எனக்கு இதனால் குறிப்பிடத்தக்க பயன் கிடைத்ததில்லை. மூச்சுத்திணறல் வந்துவிட்டால் இதை நம்பி உட்கார்ந்திருக்கவே கூடாது. அப்போது வேண்டியது மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர்தான். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும், சளியில் இரத்தம் தென்படுவதற்கும் மணப்பாகு விடையாகாது. சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வேலியோரத்தில் போத்து நட்டால் கேட்பாரற்று வளர்ந்துவிடும் செடி இது. ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்டார்கள்; வயலில் தழையுரமாகப் போட்டு மிதித்தார்கள். ஆடாதோடை தின்றால் பாடாத நாவும் பாடும் என்று ஊரில் சொல்வதைக் கிழவிகளின் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இதன் இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளியிளக்கி உருவாக்கப்பட்டு, 1960-களில் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அந்த ப்ரோம்ஹெக்சின் உடலுக்குள் சென்று மாறும் வடிவமே ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் இருமலுக்கென்று இன்று கேட்டு வாங்கும் பல சிரப்புகளின் சீசாவில் இவ்விரண்டில் ஒன்றின் பெயரைப் பார்க்கலாம். எனவே நாட்டு மருந்துக்கும் ஆங்கில மருந்துக்கும் நடுவே மதில் எழுப்பிச் சண்டையிடுபவர்கள், குறைந்தபட்சம் இந்த ஒரு செடியின் விஷயத்திலாவது சற்றுப் பொறுக்கலாம். இதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உண்டு; ஆகவே கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது. மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று சொல்பவர்களிடம் நான் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். மருந்தில் எனக்குக் குறையில்லை, குறையெல்லாம் லேபிளில்தான். நான் வழக்கமாக வாங்கும் சீசாவின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், ஆடாதோடை இலை இத்தனை மில்லியில் இத்தனை கிராம் என்று துல்லியமாக அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில் சர்க்கரைக்கு நேராக "தேவையான அளவு" என்று மட்டும் இருக்கிறது. சீசாவில் எதைவிடவும் அதிகமாக இருக்கும் பொருளுக்கு எண் இல்லை. சாதாரண மருந்துப் பாகில் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். மணப்பாகும் அந்தப் பதத்தை ஒட்டியது என்றே வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்குரிய 10 மில்லியில் எட்டு, ஒன்பது கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, உள்ளே போகிறது. இரண்டு வேளைக்கு நான்கு தேக்கரண்டி. காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் ஒருவர், இரவில் மருந்தென்ற பெயரில் அதைத் திருப்பிக் குடிக்கிறார். இதை வாங்குபவரே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டிருப்பதுதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், "மூலிகைதான் சார், சுகர் உள்ளவங்களும் வாங்கிட்டுத்தான் போறாங்க" என்கிறார்.

தயாரிப்பவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மணப்பாகு என்றாலே சாற்றையோ கஷாயத்தையோ சர்க்கரையோடு காய்ச்சிப் பாகு பதத்தில் இறக்குவதுதான். சர்க்கரை அங்கே கசப்பை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் எட்டவிடாமல் செய்கிறது. அதைக் குறைத்தால் சில நாள்களில் புளித்துப்போகும். அது முறையின் ஓர் உறுப்பு. எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு என்று அச்சிடு என்றுதான் கேட்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆடாதோடையோடு அதிமதுரம், திப்பிலி, தாளிசபத்திரி சேர்ந்த குடிநீர்ச் சூரணம் இருக்கிறது. தண்ணீரில் கொதிக்கவைத்து, வற்றக் காய்ச்சி, வடிகட்டிக் குடிக்க வேண்டும். அதன் கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வேளைச் சாப்பாடு வரை எழுந்திருக்காது. ஆனாலும் சர்க்கரை பற்றிய கவலை இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிமதுரத்தை நாள்கணக்கில் தொடர்வது நல்லதன்று என்பதால், இதையும் தாமாகத் தொடங்காமல் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் காட்டிக் கேட்டுக்கொள்வது மேல். அங்கே சீட்டு எழுதும்போதே சர்க்கரை இருக்கிறதா, அழுத்தம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள்.

மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊற்றும்போது வழியும் பாகு மரையில் இறங்கிக் காய்ந்து, சர்க்கரைக் கல்லாக இறுகி, அடுத்த முறை மூடியை அசையவிடுவதில்லை. நேற்று இரவு, இருமிக்கொண்டே வெந்நீரில் சீசாவின் கழுத்தை முக்கி, துணி சுற்றித் திருகி, கடைசியில் உறங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்ப வேண்டியதாயிற்று. அவன் திறந்தபோது மூடியின் அடிவளையம் கிழிந்து கையோடு வந்தது. அளவு குறிக்கும் சிறு கிண்ணமும் அந்த மூடியோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. காலையில் பார்த்தால் அலமாரித் தட்டில் எறும்பு வரிசை. எறும்புக்குத் தெரிந்த அளவு லேபிளில் இல்லை.

ஆகவே தம்பிக்கு என் விடை: தாயாருக்கு இதை வாங்க வேண்டாம், சித்தப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எனக்கு? இருமல் வந்தால் நான் மறுபடியும் இதே சீசாவைத்தான் வாங்குவேன், முணுமுணுத்துக்கொண்டே. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. நேற்று இரவு மூடி ஒழுங்காகத் திறந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.