ப்ரீபெய்டு மீட்டர் சேவை: பெட்டி நம்முடையது, பூட்டு யாருடையது?

கட்டடத்துக்கு மாநகராட்சியின் ஒரே பில், உள்ளே 40 வீடு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் பாதிச் சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது. நாலு வீட்டுக்காரர்கள் லைட்ஸ் காசு (மின்கட்டணம்) கட்டாவிட்டாலும், டர்பனின் எதெக்வினி மாநகராட்சிக்குப் பாடி கார்ப்பரேட், அதாவது கட்டடத்தின் உரிமையாளர் சங்கம், முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். குறைகிற காசு, எல்லாரும் மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டும் லெவியில் வந்து விழும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் துணைமீட்டர் நிறுவனங்கள் ப்ரீபெய்டு சேவையை விற்கின்றன. வீட்டுக்கு ஒரு மீட்டர், உள்ளே ஒரு கீபேட், கடையிலோ போனிலோ வாங்கும் 20 இலக்க டோக்கன். அடித்தால் யூனிட் ஏறும், தீர்ந்தால் லைட்ஸ் போகும்.

மின்சாரத்துக்கு இந்தச் சேவையைத் தாராளமாக வாங்கலாம். தண்ணீருக்கு வேண்டாம். எதற்கு வாங்கினாலும், விற்பவர் நீட்டும் ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்தக் கம்பெனி மீட்டர் என்பதைப் பற்றி, பாடி கார்ப்பரேட்டை நடத்தும் டிரஸ்டிகள் மணிக்கணக்கில் பேசுவது வழக்கம். அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. முதலில் கேட்க வேண்டியது, மீட்டர் எஸ்.டி.எஸ். தரத்தைச் சேர்ந்ததா, அதன் சப்ளை குரூப் கோடு யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான். எஸ்.டி.எஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இன்று பல நாடுகளில் ஓடும் டோக்கன் முறை. ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அந்தச் சாவி, சப்ளை குரூப் கோடு என்ற 6 இலக்க எண்ணோடு கட்டப்பட்டது. கோடு யார் வசமோ, அவர் வழியாகத்தான் டோக்கன் அடிக்க முடியும். அது நிறுவனத்தின் கோடாக இருந்தால், மீட்டருக்கான பணத்தைக் கடைசி ராண்டு வரை கட்டி முடித்த பிறகும், அவர்கள் சாவி மாற்றும் டோக்கன் தராமல் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது. எஸ்.டி.எஸ். இல்லாத, நிறுவனத்தின் சொந்த முறை மீட்டர் என்றால் நிலைமை இன்னும் மோசம். 40 மீட்டரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும் 30 நாளுக்குள் எல்லா மீட்டருக்கும் சாவி மாற்றும் டோக்கன்களைக் கட்டணமின்றித் தர வேண்டும். இந்த வரிக்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

"இலவச மீட்டர்" தருபவர்களில் சிலர் வேறு கட்டடத்தில் கழற்றியதைத் துடைத்துப் பொருத்துவார்கள். அங்கே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கலாம். எஸ்.டி.எஸ். டோக்கனுக்குள் இருக்கும் நேரக் கணக்கு 1993 ஜனவரி 1 முதல் நிமிடம் நிமிடமாக எண்ணப்பட்டது. அதற்கு ஒதுக்கிய 24 பிட்டில் 32 வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும். அது நிரம்பிய நாள் 2024 நவம்பர் 24. சாவி புதுப்பிக்காத மீட்டர் அதற்குப் பின் வாங்கிய டோக்கனை ஏற்காது. பழைய மீட்டர் என்றால், சாவிப் பதிப்பு எண் 2 என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே பொருத்த விடுங்கள்.

கட்டண விஷயத்தில் சதவீதமா, மாத நிலைக்கட்டணமா என்று பார்க்க வேண்டும். 6 சதவீதம் என்றால் 200 ராண்டு டோக்கனில் 12 ராண்டு போகும். வாட் வரி 15 சதவீதம் சேர்த்தால் 13.80. நிலைக்கட்டணமோ மாதத்தின் முதல் டோக்கனிலேயே மொத்தமாகக் கழியும். ஐம்பது ஐம்பது ராண்டாக வாங்கும் பென்ஷன்காரப் பாட்டிக்கு முதல் டோக்கனில் யூனிட்டே வராமல் போகும், அவர் நேராக டிரஸ்டி வீட்டுக் கதவைத் தட்டுவார். சின்ன வீடுகள் நிறைந்த கட்டடத்துக்குச் சதவீதமே மேல். மாநகராட்சி விலை ஜூலை 1 அன்று மாறும். நிறுவனம் புது விலையை ஏற்ற இரண்டு வாரம் பிந்தினால் அந்த வித்தியாசம் பாடி கார்ப்பரேட் தலையில். பிந்தினால் நஷ்டம் அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள். டோக்கன் காசு எத்தனை நாளில் நம் கணக்குக்கு வரும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மாநகராட்சி பில்லின் கெடு அதற்காகக் காத்திருக்காது.

பொருத்தும் வேலையில்தான் பழைய கட்டடம் தன் வயதைக் காட்டும். அடிக்கடி வரும் கோளாறு பொது நியூட்ரல். அந்தக் காலத்து வயரிங்கில் இரண்டு வீடுகள் ஒரே நியூட்ரல் கம்பியைப் பகிர்ந்திருக்கும். பழைய சக்கர மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. புது மீட்டர்களில் பல, லைவில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிடும். இரண்டும் பொருந்தாவிட்டால் திருட்டு என்று முடிவுகட்டி இணைப்பை வெட்டிவிடும். எந்தத் தப்பும் செய்யாத குடும்பம் இருட்டில் உட்கார்ந்திருக்கும். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் நியூட்ரலையும் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். இந்த வேலை "இலவச" விலைப்பட்டியலில் இருக்காது. தனியாக விலை கேளுங்கள்.

அடுத்தது கடல் காற்று. கடலைப் பார்த்த நடைபாதைச் சுவரில் சாதாரணத் தகரப் பெட்டி வைத்தால் உப்பு டெர்மினலைத் தின்னும். திருகு தளரும், சூடேறும், ஒருநாள் கருகிய வாடை வரும். ரப்பர் வளையம் வைத்த, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரப் பெட்டியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருகு இறுக்கும் வேலையும் ஒப்பந்தத்தில் சேரட்டும். 60 ஆம்பியர் மீட்டரே ஒரு வீட்டுக்குப் போதும்: 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர், 7 கிலோவாட் அடுப்பு 30 ஆம்பியர், கெட்டில் 9 ஆம்பியர், மூன்றும் சேர்ந்தாலும் 52 தான். சோலார் இன்வெர்ட்டர் வைத்த வீடுகளை முன்கூட்டியே பட்டியலிடுங்கள். வெளியே திரும்பிப் பாயும் மின்சாரத்தையும் செலவாகவே எண்ணும் மீட்டர்கள் உண்டு. வேலை முடிந்ததும், வயரிங் விதிப்படி இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் தரும் சான்றிதழ் கைக்கு வராமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாதாந்தர அறிக்கையில் பல நிறுவனங்கள் "விற்ற யூனிட்" கணக்கை மட்டும் அனுப்பும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. திருவிழாவுக்கு முன் 500 ராண்டுக்கு வாங்கி வைத்தவர் இன்னும் ஓட்டியிருக்க மாட்டார். நமக்கு வேண்டியது ஓடிய யூனிட், அதாவது ஒவ்வொரு மீட்டரின் மொத்த ரீடிங். உதாரணத்துக்கு, மாநகராட்சி மீட்டரில் 21,400 யூனிட், வீடுகளில் 17,900, லிஃப்ட், நடைபாதை விளக்கு, கேட் மோட்டார், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்த பொது மீட்டரில் 2,600 என்றால், காணாமல் போனது 900. நூற்றுக்கு நாலு சொச்சம். ரீடிங் எடுத்த தேதிகள் ஒத்துப்போகாவிட்டால் இவ்வளவு வரலாம். அடுத்த மாதம் தானே சரியாகும். மாதாமாதம் நின்றால் யாரோ மீட்டரைச் சுற்றிக் கம்பி இழுத்திருக்கலாம். திடீரென்று கால்வாசி வித்தியாசம் வந்தால் திருடனைத் தேடாதீர்கள். பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் 200/5 ஆக இருக்க, மீட்டரில் 150/5 என்று பதிந்திருக்கலாம். பொது மீட்டரே வைக்காமல் வேலையை முடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது.

தண்ணீருக்கு ஏன் வேண்டாம்? டர்பனில் குழாய் நின்று மறுபடி வரும்போது மண்ணும் காற்றும் சேர்ந்து வரும். காற்று மீட்டரைச் சுழற்றி, குடிக்காத தண்ணீருக்குக் காசு கேட்கும். மண் ஸ்ட்ரெய்னர் வடிகட்டியை அடைக்கும், மோட்டார் வால்வு பாதியில் சிக்கும், பேட்டரி தீர்ந்தால் வால்வு மூடியபடியே நின்றுவிடலாம். தண்ணீருக்குச் சாதாரண மீட்டரும் மாத ரீடிங்கும் போதும்.

லெவி பாக்கி உள்ளவரின் டோக்கனை நிறுத்தி வைக்கும் வசதியை விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். தொடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படி வெட்டினால், உடனே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி அவர் நம்மீது வழக்குப் போடலாம். செலவும் நம் தலையில் விழும். லெவி பாக்கிக்கு, அடுக்ககத் தகராறுகளைத் தீர்க்கும் ஓம்பட் சேவையோ நீதிமன்றமோதான் வழி.

செக்‌ஷனல் டைட்டில் நிர்வாக விதி 29-இல் ப்ரீபெய்டு மீட்டர் பொருத்துவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சிறப்புத் தீர்மானம் வேண்டும்: வாக்குகளின் எண்ணிக்கையிலும் மதிப்பிலும் குறைந்தது 75 சதவீதம். உரிமையாளர்களுக்கு மட்டுமல்ல, குடியிருப்பவர்களுக்கும் 60 நாள் முன்னறிவிப்பு. அதில் பொருத்தும் செலவு முழுவதும், அடுத்த 3 வருஷத்தில் மின்சாரச் செலவு எப்படி மாறும் என்ற மதிப்பீடும் இருக்க வேண்டும். இந்தத் தாளை நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். மூன்று நிறுவனங்களிடம் கேட்டால் யார் எதை மறைக்கிறார் என்று தானே தெரிந்துவிடும். அடிப்படைச் சேவை கிடைக்கும் உரிமை பாதிக்கப்படாமல் பார்ப்பதும் அதே விதியில் பாடி கார்ப்பரேட்டின் பொறுப்பு.

கையெழுத்துக்கு முன் உதவி எண்ணை ஒரு முறை சோதியுங்கள், அலுவலக நேரத்தில் அல்ல. புனித வெள்ளி இரவு, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு விருந்தாளிகளோடு வீடு திரும்பியவருக்கு டோக்கன் ஏறவில்லை என்றால் போனை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று அந்த நேரத்தில் அழைத்துப் பாருங்கள்.