செம்மண் கோர்ட்டில் மூன்று மாதம்: ஒரு டென்னிஸ் கோச்சிங் பற்றி

சென்னையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கு நடக்கும் ஒரு டென்னிஸ் கோச்சிங்கில் மூன்று மாதம் ஆடிவிட்டு எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. செவ்வாய், வியாழன், சனி, தலா ஒரு மணி நேரம், மாதம் 4,500 ரூபாய்.

ஆறு வருடமாக ஆடுகிறேன், ஃபோர்ஹேண்டில், அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிக்கும்போது, வேகமே வராது. தோளைப் போட்டு இழுத்து அடிப்பேன், பந்து நெட்டைத் தாண்டி நடுக்கோர்ட்டில் மெதுவாக விழும், சாயந்திரம் முழங்கை வலிக்கும். புது ஸ்ட்ரிங், கனமான ராக்கெட் என்று செலவு செய்ததுதான் மிச்சம். இந்த கோச் முதல் நாள் என் ராக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் பந்து போட்டார், அடித்தேன், நேராக நான் நின்ற இடத்துக்கு வந்து குனிந்து மண்ணைக் காட்டினார். "சார், உங்க வலது கால் தடத்தைப் பாருங்க, அச்சு குத்தின மாதிரி இருக்கு. கால் திரும்பவே இல்லை." பக்கத்துக் கோர்ட்டில் ஒரு சின்னப் பையன் அடித்த இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பெருவிரல் பக்கம் மண் அரைவட்டமாகச் சீய்த்திருந்தது. காலால் தரையைத் தள்ளி இடுப்பைத் திருப்பினால்தான் அந்தத் தடம் விழும்.

விஷயம் அவ்வளவுதான், ஆனால் எனக்கு ஆறு வருடம் யாரும் சொல்லவில்லை. நாம் தரையைத் தள்ளினால் தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது, அந்த விசை முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி வந்து கடைசியில்தான் கைக்குப் போகிறது, வழியில் எங்காவது அறுந்தால் மிச்ச வேலை முழுக்க முழங்கை தலையில் விழும். அப்புறம் வலிக்காமல் என்ன செய்யும்?

முதல் இரண்டு வாரம் பக்கவாட்டில் நின்று முன்காலை எடுத்து வைத்து அடிப்பது மட்டும்தான். அடித்து முடித்த நிலையிலேயே இரண்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துக்கு ஏழு முறை முன்னால் சாய்ந்தேன், காரணம் பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கியது. அதன் பிறகுதான் செமி ஓப்பன் ஸ்டான்ஸ், அதாவது வேகமாகவும் அகலமாகவும் வரும் பந்துக்கு வெளிக்காலில் எடையை இறக்கி அங்கிருந்து திரும்பி அடிப்பது. எதிராளி அடிக்கும் நேரத்தில் ஒரு சின்னக் குதி குதித்து முன்பாதத்தில் இறங்கும் ஸ்ப்ளிட் ஸ்டெப்பை ஒரு பந்துக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

நுங்கம்பாக்கத்தில் சுவிட்சர்லாந்து வீரர் வாவ்ரிங்கா ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன். 2011, பிறகு 2014 முதல் 2016 வரை வரிசையாக என்று சென்னை ஓபன் போட்டியை நான்கு முறை ஜெயித்தவர். மறுபக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிக்கும் அவருடைய ஒற்றைக்கை பேக்ஹேண்டில் அன்று கையை மட்டுமே பார்த்தேன். இப்போது பழைய வீடியோக்களைப் போட்டால், கை வீசுவதற்கு முன்பே வலது கால் ஊன்றிவிடுவதும், நிலை குலையாமலிருக்க இடது கை பின்னால் விரிவதும்தான் கண்ணில் படுகிறது.

குறைகள். சனிக்கிழமை ஒரே கோர்ட்டில் எட்டுப் பேர், பாதி நேரம் வரிசையில் நிற்கிறோம். பந்துகள் பழசு, எழும்புவதே இல்லை. சர்வுக்குக் கடைசி இரண்டு வாரம்தான் ஒதுக்கினார்கள், அது போதவே போதாது. எனக்குப் பிடிக்காத இன்னொன்று, முழங்கால் வலியோடு வந்த ஒரு பெரியவரையும் எங்களைப் போலவே தாழ உட்கார்ந்து எழச் சொன்னது. அவர் கேட்ட பிறகுதான் மாற்றினார்கள்.

ஓடுவதற்கான ஷூவோடு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். அதன் குதிகால் உயரமும் மெத்தென்ற அடியும் பக்கவாட்டில் நகரும்போது கணுக்காலைப் பிசக வைக்கும், அதனால் மீன்முள் மாதிரி வரி போட்ட அடியுள்ள செம்மண் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். சேர்வதானால் செவ்வாய், வியாழன் மட்டும் கேளுங்கள், அன்று நான்கு பேர்தான் வருகிறார்கள். அடுத்த மாதத்துக்கு நானும் அப்படித்தான் பணம் கட்டியிருக்கிறேன்.