கரிசலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரம் முழுக்கக் கரிசல்தான். பெரும்பகுதி மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, கொத்தமல்லி என்று விதைக்கிறார்கள். இந்த மண்ணை இன்ன வகை என்று எழுதி வைக்கக் குறைந்தது நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு: ஊர் வழக்கு, வருவாய்த்துறையின் ஏ பதிவேடு, அமெரிக்க வேளாண்துறை உருவாக்கிய மண் வகைப்பாடு, பல நாட்டு மண்ணியலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய உலகக் குறிப்பு முறை. மானாவாரி நிலத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவருக்கு இவற்றில் எது உருப்படியாக எதையாவது சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு, அளவாய்வில் வழக்கமாகக் குறிக்கும் விவரங்களை வைத்து இரண்டு குழிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் குழியில் 160 செ.மீ. வரை மண் இருக்கிறது. களி 50 சதவீதத்துக்கு மேல். மன்செல் வண்ண அட்டையில் ஈர நிறம் 10 ஒய்ஆர் 3/1, அதாவது கறுப்புக்கு நெருக்கமான சாம்பல். அரை மீட்டருக்குக் கீழே மண் மண்ணோடு உரசிப் பளபளப்பான சாய்ந்த முகங்கள் தெரிகின்றன. சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) மேலிருந்து கீழ்வரை ஆங்காங்கே கிடக்கின்றன. 110 செ.மீ.க்குக் கீழே ஜிப்சம் அடுக்கு. 60 முதல் 90 செ.மீ. ஆழத்தில் பரிமாற்ற சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு, 8 சதவீதம். இரண்டாவது குழியிலும் அதே கறுப்பு, அதே களி, அதே பளபளப்பு. ஆனால் 45 செ.மீ.யில் பாறை வந்துவிடுகிறது.

ஊர் வழக்கில் இரண்டுமே கரிசல். செவல், தேரி, பொட்டல், சரளை என்று மற்ற மண்களிலிருந்து கரிசலைப் பிரிப்பதில் இந்த முறை அபார வேகம் கொண்டது. நிறம், ஒட்டும் தன்மை, வெடிப்பு, உழவுக்கு எப்போது இடம் கொடுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடும். ஆழத்தைப் பெயர் தனியாகச் சொல்வதில்லை. அந்தப் புஞ்சைக்காரரைக் கேட்டால் "கீழே பாறை, நாலு நாள் வெயிலுக்குத் தாங்காது" என்று சொல்லிவிடுவார். அது அவர் வாயில் இருக்கிறது, வகைப்பாட்டில் இல்லை. அவருக்கு அப்புறம் அந்த நிலத்தை வாங்குகிறவருக்கு அது கிடைக்காது.

ஏ பதிவேட்டை வேகமாகக் கடந்துவிடலாம். 'மண் வயனமும் ரகமும்' என்ற இடத்தில் நடுவே கோடு போட்ட இரண்டு எண்கள் இருக்கும், பக்கத்தில் தரம், தீர்வை. ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டத்தின் மிச்சம் இது. கரிசலா செம்மண்ணா, களியா மணலா, நல்லதா சுமாரா என்று பிரித்து வரி போடச் செய்த ஏற்பாடு. புல எண் வாரியாக மண்ணைப் பற்றி ஏதோ ஒன்று எழுதப்பட்ட ஆவணம் நம்மிடம் இது ஒன்றுதான் பரவலாக இருக்கிறது என்பது அதன் பெருமை. பயிர்த் திட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்து அமெரிக்க முறை. 1975இல் முழு நூலாக வந்தது, 1999இல் இரண்டாம் பதிப்பு. இந்திய அளவாய்வு அறிக்கைகள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன. பன்னிரண்டு பெரும்பிரிவுகளில் வெர்டிசால், அதாவது காய்ந்தால் வெடிக்கும் களிமண், ஒன்று. இதில் சேர நிபந்தனைகள் கறாரானவை: முதல் ஒரு மீட்டருக்குள் தொடங்கும், 25 செ.மீ. தடிமனாவது உள்ள அடுக்கில் உரசல் முகங்களோ, 10 முதல் 60 பாகை சாய்ந்த ஆப்பு வடிவக் கட்டிகளோ இருக்க வேண்டும். மேல் அரை மீட்டரில் களி 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெடிப்புகள் காலந்தோறும் திறந்து மூட வேண்டும். நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை கூட இல்லை. அதுதான் சரி என்பேன். கரிசலின் கறுப்பைப் பார்த்து மக்கு நிறைந்த மண் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஆய்வகத்தில் கொடுத்தால் கரிமச்சத்து பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும்.

தொடக்கத்தில் அமெரிக்க முறையும் நிறத்தில் மயங்கித்தான் இருந்தது. கறுத்தவை பெல்லஸ்டர்ட், சற்று வெளிறியவை குரோமஸ்டர்ட் என்று பெரும்பிரிவுக்கு இரண்டு படி கீழே உள்ள பெருங்குழு மட்டத்திலேயே பிரித்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு உப்பு, ஜிப்சம், சுண்ணாம்பு ஆகியவற்றுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். எழுபது, எண்பதுகளின் அறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் தலைவலி மிச்சம். அதே மண் அங்கே வேறு பெயரில் இருக்கும்.

வறண்ட நிலத்துக்கு இந்த முறையின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது காலநிலையைப் பெயருக்குள் கொண்டுவருகிறது. கரிசலைப் பொறுத்தவரை வெடிப்பு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். சாதாரண ஆண்டில் 5 மி.மீ. அகலமுள்ள வெடிப்பு மொத்தமாக 90 நாட்களாவது திறந்திருந்தால் அஸ்டர்ட். அதற்குள் 210 நாட்களைத் தாண்டினால் அரிடிக் (வறண்டது), 150க்குக் குறைந்தால் யூடிக் (ஈரம் கூடியது) என்று பெருங்குழுவுக்கும் கீழே துணைக்குழு. இன்னும் வறண்டு, தொடர்ந்து 60 நாள் கூட மூடியிருக்காத மண் டாரர்ட் ஆகிவிடும். திறவுகோலில் (வரிசையாகப் பொருத்திப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் பட்டியலில்) வெர்டிசால் பாலைவன மண்ணுக்கு முன்னால் வருவதால், பாலைவனத்தில் கிடந்தாலும் வெடிக்கும் களிமண் வெர்டிசாலாகவே நிற்கும்.

சரி, இந்த நாட்களை யார் எண்ணுவது? அளவாய்வுக் குழு ஒரு குழிக்கு அருகில் ஒரு நாள் நிற்கும். மழைப் பதிவை வைத்து ஒரு கணக்கு போடும், நிலத்துக்காரரிடம் "எப்போ வெடிக்கும், எப்போ மூடும்" என்று கேட்கும். ஆக, நான்கில் மிகக் கறாரான முறையின் மிக முக்கியமான எண் கடைசியில் விவசாயியின் நினைவில் போய் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையில் அந்த எண் வந்த வழியும் எழுதப்பட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை. இன்னொன்று, நாள் கணக்கு பாசனம் இல்லாத நிலைக்குத்தான். ஆழ்துளைக் கிணறு போட்டு ஆண்டு முழுக்க ஈரமாக வைத்திருக்கும் தோட்டத்தில் கண்ணால் பார்த்து இதை எழுத முடியாது.

நம் முதல் குழி இந்த முறையில் ஜிப்சிக் ஹாப்லஸ்டர்ட். ஹாப்லஸ்டர்ட் என்பது அஸ்டர்டில் சாதாரணப் பெருங்குழு, முன்னால் வரும் ஜிப்சிக் துணைக்குழு. ஆய்வு இலக்கியத்திலும் கோவில்பட்டிக் கரிசல் இந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது, 50 செ.மீ.க்குள் பாறை வருவதால், லிதிக் ஹாப்லஸ்டர்ட். ஊர் வழக்கு பிரிக்காத இரண்டையும் இது ஒரே சொல்லில் பிரித்துவிட்டது. ஆனால் திறவுகோல் ஒரு வரிசைப்படி இயங்குகிறது, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடுகிறது. ஜிப்சிக் என்று எழுதியதும் வெடிப்பு 210 நாளைத் தாண்டுகிறதா என்ற செய்தி துணைக்குழுப் பெயரிலிருந்து காணாமல் போகிறது. வறட்சியைப் பெயரில் சொல்வேன் என்று வந்த முறை, ஜிப்சம் கண்டதும் அதை மறந்துவிடுகிறது.

உலகக் குறிப்பு முறை 1998இல் வந்தது, நான்காம் பதிப்பு 2022இல். இதில் மேல்மட்டத்தில் 32 மண் குழுக்கள், அவற்றில் வெர்டிசாலும் உண்டு. நுழைவு நிபந்தனைகளும் ஏறத்தாழ அமெரிக்க முறையினுடையவையே. அடிப்படை வேறுபாடு, காலநிலையை வகைப்பாட்டுக்குள் விடுவதில்லை என்ற கொள்கை. குழியில் தெரிவது, ஆய்வகத்தில் அளப்பது, அவ்வளவுதான். ஆகவே இதே மண் இன்னும் மழை கூடிய ஊரில் இருந்தாலும் பெயர் மாறாமல் இருக்கலாம். மானாவாரியைப் பற்றி யோசிப்பவருக்கு இது ஒரு பெரிய ஓட்டை. மழையைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈடாக, இந்த முறை அடைமொழிகளை அடுக்க அனுமதிக்கிறது. ஒன்று பொருந்தியதும் நின்றுவிடுவதில்லை. முதல் குழிக்குப் பெல்லிக் வரும் (கறுப்பு இங்கே மறுபடி உள்ளே வந்துவிட்டது), ஸோடிக் (சோடியம் மிகுந்தது) வரும், ஒரு மீட்டருக்குக் கீழே ஜிப்சம் இருப்பதைக் குறிக்க 'பாதி' (bathy, ஆழத்தில் என்று பொருள், அரை அல்ல) என்ற முன்னொட்டோடு ஒரு சொல்லைச் சேர்க்கலாம். இரண்டாவது குழிக்கு லெப்டிக், அதுவும் எபி என்ற முன்னொட்டுடன், அதாவது முதல் அரை மீட்டருக்குள்ளேயே பாறை. மேல்மண் தானாகப் பொலபொலவென்று உதிருமா, கட்டியாக இறுகுமா என்பதற்குக் கூட கிரூமிக், மாஸிக் என்று சொற்கள் உண்டு. உழவு மாட்டுக்கும் டிராக்டருக்கும் தெரிந்த இந்த வேறுபாட்டுக்கு ஒரு பன்னாட்டு முறை இடம் கொடுத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். பெயர் நீண்டு ரயில் மாதிரி ஆகிவிடுகிறது, அது வேறு.

இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதும் இடம் சோடியம். அமெரிக்க முறையில் ஸோடிக் துணைக்குழுவுக்குப் பரிமாற்ற சோடியம் 15 சதவீதம் வேண்டும். நம் குழியில் 8, ஆகவே பெயரில் சோடியமே கிடையாது. உலக முறையில் சோடியமும் மக்னீசியமும் சேர்ந்து 15, அதில் சோடியம் மட்டும் 6 இருந்தால் போதும். கரிசலில் மக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் 8 சதவீதக் குழி ஸோடிக் ஆகிவிடும். ஒரே ஆய்வக முடிவு, ஒன்றில் நல்ல மண், இன்னொன்றில் சோடிய மண்.

எது சரி? இதற்கு மகாராஷ்டிரத்து விதர்பாவின் கரிசலில் நடந்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். நாக்பூரில் இருக்கும் தேசிய மண் அளவாய்வுப் பணியகத்தில் டி. கே. பாலும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டியது இது: அங்கே பரிமாற்ற சோடியம் 5 சதவீதத்தைத் தாண்டும்போதே மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகம் விழத் தொடங்கிவிடுகிறது. நீர்க் கடத்தல் மணிக்கு 10 மி.மீ.க்குக் கீழே போனால் பருத்தி போன்ற ஆழ வேர்ப் பயிர் நன்றாக அடி வாங்குகிறது. காரணமும் சுவையானது. வறண்ட காலநிலையில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து சுக்கானாக மாறிவிடுகிறது. கரைசலில் கால்சியம் குறைய, களித்துகள்களில் அதன் இடத்தைச் சோடியம் பிடிக்கிறது. களி சிதறி நுண்துளைகளை அடைக்கிறது. பெய்த மழை கீழே இறங்காமல் மேலேயே நின்று ஆவியாகிறது. அதனால் மண் இன்னும் வறள்கிறது, இன்னும் சுக்கான் படிகிறது.

இந்தக் கணக்கில் 15 என்ற எல்லை மிகவும் தாமதமான எல்லை. உலக முறையின் 6 உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் கோவில்பட்டிக்கு வந்தால் கதை கொஞ்சம் திரும்புகிறது. இங்கே ஜிப்சம் இருக்கிறது. அது சுண்ணாம்பை விடப் பல மடங்கு எளிதில் கரையும், கரைந்து கால்சியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சோடியத்தின் கை ஓங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே 8 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்து விதர்பாவைப் போலப் பயப்பட வேண்டியதில்லை. ஜிப்சம் எந்த ஆழத்தில், சோடியம் எந்த ஆழத்தில் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க முறையில் சோடியம் 15ஐத் தொட்டுவிட்டால், திறவுகோலில் ஸோடிக் முன்னால் வருவதால், ஜிப்சம் துணைக்குழுப் பெயரிலிருந்து விழுந்துவிடும். நோயும் மருந்தும் ஒரே குழியில் இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லும் பெயரை வைத்து என்ன செய்வது? இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு தயங்காமல் உலக முறைக்குத்தான்.

இனி அளவை. 1:2,50,000 வரைபடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 625 ஹெக்டேர். அந்தச் சதுரத்துக்குள் நம் இரண்டு குழிகளும் நிச்சயம் இருக்கும், வரைபடம் 'இவ்விரு மண்களின் கூட்டு' என்று ஒரே நிறம் பூசியிருக்கும். கர்நாடகத்தில் சுஜலா திட்டத்தில் செய்ததுபோல 1:7,920 அளவையில், புல எண் எல்லைகளோடு வரைந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் வெறும் 0.63 ஹெக்டேர். அந்த மட்டத்தில் பெரும்பெயர்கள் பின்னால் போய்விடும். அங்கே வேலை செய்வது மண் தொடர், அதாவது பீளமேடு, இருகூர் என்று ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் அடிமட்ட அலகு, அதோடு ஆழ வகுப்பு, சரிவு, அரிப்பு, மேல்மண் நயம். பண்ணைக்குட்டை எங்கே வெட்டலாம், எந்தப் புஞ்சையில் பருத்தி, எதில் உளுந்தோடு நிறுத்துவது என்பதற்கெல்லாம் இந்த அலகு ஒன்றே போதும். எந்தப் பன்னாட்டு முறையை மேலே ஒட்டினாலும் இது மாறாது.

மண்வள அட்டையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டம் கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என்று 12 அளவுகளைத் தருகிறது. உரம் போட உதவும். மேல்மண் மாதிரிதான், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. நம் இரண்டு குழிகளுக்கும் ஒரே மாதிரியான அட்டை வர எல்லா வாய்ப்பும் உண்டு, பாறை எங்கே என்று அது கேட்பதே இல்லை.

ஆக, அளவாய்வுத் தரவைக் கையில் வைத்திருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது? அரசு அறிக்கை என்றால் அமெரிக்க முறையைத் தவிர்க்க முடியாது, பழைய தரவு முழுக்க அதில் இருக்கிறது. அதோடு வெடிப்பு நாட்களைப் பெயருக்கு வெளியே தனிப் பத்தியில் எழுதிவிடுங்கள். வேறு நாட்டுக் கரிசலோடு ஒப்பிட வேண்டுமென்றால், சோடியமும் ஜிப்சமும் சேர்ந்து கிடக்கும் மண் என்றால் உலக முறை. கிராமத் திட்டம் என்றால் மண் தொடரும் ஆழ வகுப்பும், பக்கத்தில் ஊர்ப் பெயரும். எதைத் தேர்ந்தாலும், குழியை ஒன்றரை மீட்டர் வரை வெட்டி, 60 செ.மீ.க்குக் கீழே ஒரு மாதிரி எடுத்துச் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்த மாதிரிதான்.