பழைய கிரிஸ் எந்த ஊருடையது? பிடி, அலகு, காகிதம்

கிரிஸ் என்பது ஜாவா, பாலி போன்ற இந்தோனேசியத் தீவுகளிலும் பக்கத்து நாடுகளிலும் வழங்கும் குத்துவாள். பழைய கிரிஸ் ஒன்று எந்தத் தீவில் பிறந்தது என்று சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு: பிடியும் உறையும், அலகு எனும் கத்தியின் இரும்புத் தகடு, கூடவே வரும் காகிதம். என் ஓட்டு அலகுக்குத்தான்.

முதலில் கண்ணில் படுவது பிடியும் உறையும். ஆளை ஏமாற்றுவதும் அவைதான். ஜாவா, பாலி கிரிஸ்களில் பிடிக்குள் போகும் காம்பு உருண்டையானது, பிடியைச் சுலபமாகக் கழற்றி வேறு மாட்டலாம். பாலி அலகு ஒன்று ஜாவாவுக்குப் பக்கத்து மதுரா தீவின் உறைக்குள் இருந்தால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அலகு அப்படி உடை மாற்றாது. ஜாவா அலகு மெலிந்தது, குத்துவதற்கானது, நீளம் ஒன்றேகால் அடி அளவில்தான். ஆர்சனிக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கழுவுவார்கள். இரும்பு கறுத்துவிடும், நிக்கல் கலந்த வரிகள் மட்டும் வெளிறி நிற்கும். பாமோர் என்பது இந்த வரிகளைத்தான். தலைமுறை தலைமுறையாகக் கழுவியதில் மேற்பரப்பு சொரசொரத்து, விளிம்பும் தேய்ந்திருக்கும். பாலி அலகு இன்னும் நீளம், கனம், வழவழவென்று மெருகேற்றியது. அதனால் ஒரே வயதுள்ள இரண்டில் பாலிக்காரன் இளையவனாகத் தெரிவான். தேய்மானத்தை வைத்து வயது சொல்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

தெற்கு பிலிப்பைன்ஸின் மிண்டானாவோ, சூலு பகுதியில் வாழும் மோரோ முஸ்லிம் மக்களின் கிரிஸோ அசல் வெட்டுவாள். அலகு இரண்டு அடிக்குப் பக்கம் வரும், காம்பு தட்டையானது. அலகையும் பிடியையும் உலோகப் பட்டைகள் கவ்வியிருக்கும். அலகின் அடியில், பிடியை ஒட்டிக் குறுக்கே இருக்கும் பாகத்தைப் பாருங்கள், அதன் பெயர் கஞ்ஜா (போதைச் செடி அல்ல): பழையவற்றில் அது தனி இரும்பு, இருபதாம் நூற்றாண்டில் பிந்திச் செய்த பலவற்றில் வெறும் கீறல் கோடு.

சரி, காகிதம்? டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபோனகோரோவின் கிரிஸ் 1831இல் நெதர்லாந்து மன்னருக்குப் போய், பிறகு அருங்காட்சியகச் சேகரிப்பில் அடையாளம் தெரியாமல் கிடந்தது. பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து 2020இல் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தார்கள். பெயர் நாக சிலுமான், ஆனால் அலகின் நாக வடிவம் அந்தப் பெயருக்குப் பொருந்துகிறதா என்று கிரிஸ் அறிந்த சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். அங்கேயும் கேள்வி கேட்டது அலகுதான்.

ஜாவா, பாலி கிரிஸ் வாங்குவதாக இருந்தால் பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் காம்பைப் பாருங்கள். மோரோ வாளில் மட்டும் கேட்காதீர்கள். அது பிசின் வைத்து இறுக்கியது, வலுக்கட்டாயமாக இழுத்தால் பழைய மரம் பிளந்துவிடும்.