பிளையிங் சாசர் ரிவ்யூ: பழைய இதழ்களுடன் நெடுநாள் பழகிய அனுபவம்

பறக்கும் தட்டுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த இதழ்களில் நீண்ட ஆயுளும் நல்ல மதிப்பும் பெற்றது, 1955இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘பிளையிங் சாசர் ரிவ்யூ’. அதன் பழைய இதழ்களில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இப்போது ஒரு தொகுப்பு விலை குறைந்து விற்பனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்க ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். முதல் ஆசிரியர் டெரெக் டெம்ப்ஸ்டர் விமானப்படையில் விமானியாக இருந்தவர். அடுத்து வந்த பிரின்ஸ்லி லெ போயர் டிரெஞ்ச், பிற்பாடு கிளான்கார்ட்டி பிரபுவாகி, 1979 ஜனவரியில் பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் பறக்கும் தட்டுகளைப் பற்றி ஒரு விவாதமே நடக்கச் செய்தார். அவருக்குப் பின் ஆசிரியரான வேவ்னி கிர்வன் 1964இல் மறைந்ததும் சார்லஸ் போவன் பொறுப்பேற்றார். இதழ் தலைநிமிர்ந்தது அதன் பிறகுதான். எய்மே மிஷெல், ழாக் வாலே போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதில் எழுதினார்கள். 1954இல் பதிவான 200 தரையிறங்கல் சம்பவங்களை வாலே வரிசைப்படுத்தி, மக்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் அவை குறைவாகவே நிகழ்ந்திருக்கின்றன என்று காட்டிய கட்டுரையை இன்று படித்தாலும் அதன் நிதானம் வியக்க வைக்கிறது.

ஆனால் நான் எதிர்பாராமல் பெற்ற பெரும் மகிழ்ச்சி கோர்டன் கிரைட்டனின் மொழிபெயர்ப்புகள். தூதரகப் பணியில் இருந்தவர், பன்மொழி அறிந்தவர். பிரேசில் விவசாயி அன்டோனியோ வில்லாஸ் போவாஸின் வாக்குமூலத்தை 1965இல் தொடராக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1957 அக்டோபரில் ஓர் இரவு டிராக்டரில் உழுதுகொண்டிருந்தபோது வயலில் இறங்கிய கலத்துக்குள் தம்மை இழுத்துச் சென்றதாக அந்த இளைஞர் கூறியிருந்தார். அதில் ஓரிடத்தை நான் மறக்கவே மாட்டேன். நடந்ததற்குச் சான்றாக, கடிகாரம் போலத் தோன்றிய, நகராத ஒற்றை முள் கொண்ட கருவி ஒன்றை அவர் எடுத்துக்கொள்ள முயல்கிறார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அவரைத் தள்ளிவிட்டு, கோபத்துடன் அதைப் பறித்துக்கொள்கிறார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இதேபோல ஒரு கலத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டதாகக் கூறிய அமெரிக்காவின் ஹில் தம்பதியர் கதை நாளிதழ் வழியே ஊரறியும் முன்பே இத்தொடர் அச்சேறத் தொடங்கிவிட்டது என்பதால், வரலாற்று ஆவணமாக இதற்கு இணை குறைவு.

அதே கிரைட்டன் 1982இல் ஆசிரியரான பிறகு வந்த இதழ்கள்தான் என் பொறுமையைத் தொடர்ந்து சோதிக்கின்றன. பறக்கும் தட்டுகளுக்குப் பின்னால் இருப்பவை ஜின்கள், அதாவது இஸ்லாமிய மரபு சொல்லும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள், என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அந்த நம்பிக்கை அவருடைய உரிமை. அதைத் தலையங்கத்தில் எழுதியிருந்தால் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் செய்தி அறிக்கைகளுக்குள்ளும் அவருடைய கருத்தும் எச்சரிக்கையும் வந்து புகுந்துகொள்ளும்போது, சாட்சி எங்கே முடிகிறார், ஆசிரியர் எங்கே தொடங்குகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாமர விவசாயியின் சொற்களை அவ்வளவு பொறுப்புடன் நமக்குத் தந்த அதே கை இது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 2003இல் மறையும் வரை இதழைத் தனி ஆளாகத் தாங்கியவர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் இதழ் முன்பே நின்றிருக்கக்கூடும். இருந்தும், என் எரிச்சல் தணியவில்லை.

காகிதமும் பிரச்சினைதான். பின்கள் துருப்பிடித்து நடுப்பக்கங்களில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. ‘முழுத் தொகுப்பு’ என்று சொல்லி எனக்கு விற்றவர், 1965 தொடரின் ஒரு பகுதி இருந்த இதழையே விட்டுவிட்டார்.

ஆகவே இவ்வளவு புகழ்ந்த பிறகும், விலை குறைந்தாலும் அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம் என்றுதான் இன்று சொல்வேன். போவன் காலத்து இதழ்கள் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் 1965ஆம் ஆண்டு இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.